முதலில் முறை, பிறகுதான் எடை!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மெக்கானிக்கல் படித்தவன், பாய்லரைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ ஏதாவது பேசுவான்" என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் பேசப் போவது பளுதூக்குதலைப் பற்றி. அதிலும், தரையில் கிடக்கிற பாரை வெடிப்போடு மேலே இழுக்கிறார்களே, அந்த ஒரு இழுப்பைப் பற்றி மட்டும். காரணம் இருக்கிறது. சங்கம் திரட்டும் நிதியில் ஒரு பகுதி இந்த ஆண்டு கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறது. அதில் முதலில் எதை வாங்குவது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இன்றைக்கு இரண்டே வகைதான். பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு போனால் ஸ்னாட்ச். முதலில் தோளில் ஏந்தி, எழுந்து நின்று, பிறகு தலைக்கு மேல் ஏற்றினால் கிளீன் அண்ட் ஜெர்க். இரண்டுக்கும் அஸ்திவாரம் தரையிலிருந்து வரும் அந்த இழுப்புதான்.

நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். மணிப்பூரின் மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியிலும் தோற்றவர். அதே மீராபாய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 115 கிலோவைக் கிளீன் அண்ட் ஜெர்க் செய்து, மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளி வென்றார். போட்டியிட்டதோ 49 கிலோ பிரிவில்! தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். புஜபலம் மட்டும் இருந்தால் நடக்கிற காரியமா இது?

பார்க்கிறவர் கண்ணுக்குக் கைதான் தூக்குவதுபோல் தெரியும். கிரேனை நினைத்துப் பாருங்கள். சுமை தொங்குவது ஒயர் ரோப்பில்; தூக்குவது மோட்டார். இங்கே காலும் இடுப்பும் மோட்டார். கை வெறும் ஒயர் ரோப். ரோப் மடங்கலாமா? கை முன்கூட்டியே மடங்கினால் மோட்டாரின் சக்தி பாருக்குப் போய்ச் சேராது.

இழுப்பில் மூன்று கட்டம். முதல் கட்டம், தரையிலிருந்து முட்டி வரை. பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே பார், முதுகு நேராக, தோள் பாருக்குச் சற்று முன்னால். இங்கே "இழுக்கணும்" என்றே நினைக்காதீர்கள். காலால் தரையைத் தள்ளுங்கள், போதும். அவசரம் வேண்டாம். கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி என்ன ஆகும்? குதித்து நின்றுபோகும். பாரை வெடுக்கென்று பிடுங்கினாலும் அதே கதிதான். இடுப்பு மட்டும் முதலில் எழும்பும், முதுகு வளையும்.

இரண்டாம் கட்டம், பார் முட்டியைத் தாண்டும் நேரம். நீண்டு வந்த முட்டி மறுபடி லேசாக மடங்கிப் பாருக்கு அடியில் வரும், உடம்பு நிமிரும். பாரை உடம்போடு ஒட்டி வைத்து நிமிர்ந்தாலே இது பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

மூன்றாம் கட்டம்தான் வெடிப்பு. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில் நீள வேண்டும், நின்ற இடத்தில் எம்பிக் குதிப்பதுபோல. கடைசியில் தோள் குலுங்கும். அதற்குப் பிறகுதான் கைக்கு வேலை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெடிப்பின் முடிவில் பாரின் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் அது தானாக எவ்வளவு உயரும்? வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்தால் சுமார் 16.5 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை! பிறகு பார் எப்படித் தலைக்கு மேல் போகிறது? பார் அங்கே போவதில்லை. வீரர் பாருக்குக் கீழே போகிறார். அந்த ஒரு சாண் உயரம் கொடுக்கும் கண நேரத்தில் அடியில் உட்கார்ந்து ஏந்திக்கொள்கிறார். பலம் பாதி, நேரம் பார்ப்பது பாதி.

இன்னொரு கணக்கு. 60 கிலோ பார் உடம்பை விட்டு 10 செ.மீ. விலகினால், ஒரு மீட்டர் கம்பின் நுனியில் 6 கிலோவைக் கட்டித் தாங்குகிற அளவு திருப்புவிசை இடுப்பின்மேல் கூடுதலாக ஏறும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணன்மார் மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாட்டிக்ஸ் பேப்பர் எழுதாமலேயே அவர்களுக்கு இது தெரியும்.

சரி, எப்படிக் கற்பது? நான் வேலை பார்க்கும் ஊரில் மூன்று ஆண்டுகளாக ஒரு பயிற்சியாளரிடம் கற்கிறேன். முதல் மாதம் முழுக்க அவர் என் கையில் கொடுத்தது ஒரு குச்சி! பிறகு வெறும் பார். கற்றுத் தந்த வரிசை மேலிருந்து கீழே. முதலில் இடுப்புயரத்தில் பாரை வைத்து வெடிப்பு மட்டும். பிறகு முட்டிக்கு மேலிருந்து, அப்புறம் முட்டிக்குக் கீழிருந்து, கடைசியில்தான் தரை. ஒரு தடவைக்கு மூன்று இழுப்பு, நன்றாக ஓய்வு, முறை கலைந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. கட்டைவிரலைப் பாரோடு சேர்த்து மற்ற விரல்களால் மூடும் 'ஹூக்' பிடியையும் முதல் நாளே பழக வேண்டும். சில நாள் விரல் வலிக்கும், பழகிவிடும்.

தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; ஆகவே பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சின்ன இரும்புப் பிளேட் மாட்டினால் அதைவிடத் தாழ்ந்துவிடும். எட்டிப் பிடிக்க முதுகை வளைப்பீர்கள். இரண்டு மரக்கட்டைமேல் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பாரைத் தொட வேண்டாம். பக்கத்தில் இருப்பவன் 80 மாட்டினான் என்பதற்காக நீங்கள் 90 மாட்டாதீர்கள். பந்தயம் கட்டித் தூக்கும் விடுதி வீரம் நம் காலத்திலும் இருந்தது. முதுகுத் தட்டு விலகினால் பந்தயத்தில் ஜெயித்த பரோட்டா அதைச் சரிசெய்யாது.

இனி நிதி விஷயம். பளபளக்கும் மெஷின்கள் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கும். என் வேண்டுகோள் வேறு. கைப்பிடிக் கம்பி திரும்பினாலும் பிளேட் சேர்ந்து திரும்பாதபடி நல்ல ஸ்லீவ் உள்ள பார் இரண்டு. ஒன்று 20 கிலோ, ஒன்று 15 கிலோ. கீழே போட்டாலும் தாங்கும் ரப்பர் பிளேட்டுகள். 4 மீட்டருக்கு 4 மீட்டர் மர மேடை ஒன்று. மீதிப் பணம் முழுவதும், வாரம் மூன்று நாள் வந்து சொல்லித் தரும் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு. மேடை மேல் பெயர்ப் பலகை வைக்கலாம். பயிற்சியாளர்மேல் வைக்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் முதுகைக் காப்பாற்றப் போவது அவர்தான்.

அந்த 15 கிலோ பார் பெண்களுக்கான அளவு. பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2000-ல், சிட்னியில். அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் கொண்டுவந்தார். நம் கல்லூரித் தங்கைகளுக்கும் கூடத்தில் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கிருந்து பதக்கம் வரலாம், வராமலும் போகலாம். கபடி ஆடுகிறவனும் வாலிபால் ஆடுகிறவளும் இன்னும் உயரமாக எம்புவார்கள், அது போதும். பொதுக்குழு கூடும்போது இதை மனத்தில் வைத்துக் கையைத் தூக்குங்கள். அதற்கு மட்டும் பயிற்சி தேவையில்லை!