ஆரை எஞ்சினின் பிறப்பும் சிறப்பும்

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுக்கும் பதிப்பாசிரியர் இரண்டு வினாக்களை எழுப்புவார். இந்த ஏடு எந்த மூலத்திலிருந்து வந்தது? இதிலுள்ள பாடம் நம்பத் தக்கதா? முதல் வினாவுக்குரிய விடை இரண்டாவதற்கும் விடையாகிவிடாது. நல்ல மூலத்தைப் பார்த்து எழுதிய ஏட்டையும் செல்லரிக்கும். பழைய விமானங்களின் ஆரை எஞ்சினை ஆராய்பவர் முன்னும் இவ்விரு வினாக்களே நிற்கின்றன. ஏட்டில் பிழை நேர்ந்தால் பொருள் கெடும். எஞ்சினில் பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

நடுவே ஒரு கிராங்க் தண்டு. அதைச் சுற்றித் தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சிலிண்டர்கள். இதுவே ஆரை எஞ்சினின் அமைப்பு. நான்கு வீச்சில் இயங்கும் இத்தகைய எஞ்சின்களில் ஒரு வரிசைக்குரிய சிலிண்டர்கள் ஒற்றைப்படை எண்ணிலேயே அமையும். ஒன்பது சிலிண்டர்கள் எனில் 1, 3, 5, 7, 9, 2, 4, 6, 8 என ஒன்றுவிட்டு ஒன்றாக எரிபொருள் பற்றும். தண்டு இருமுறை சுழல்வதற்குள் அனைத்தும் முறை தவறாது எரிந்து முடியும். பதினெட்டு எண்ணப்பட்டால் அவை ஒன்பதொன்பதாக இரு வரிசை என்று அறியலாம். எனவே அடையாளம் காணும் பணி எண்ணுவதில் தொடங்குகிறது.

அடுத்தது அளத்தல். ரைட் நிறுவனத்தின் சைக்ளோன் எஞ்சினுக்கு ஆர்-1820 என்று குறியீடு. ‘ஆர்’ என்பது ரேடியல். எண், சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சுட்டுவது. அதன் சிலிண்டர் உள்விட்டம் 6.125 அங்குலம், பிஸ்டன் வீச்சு 6.875 அங்குலம். 1930களில் சோவியத் ஒன்றியம் இதற்கு உரிமம் பெற்று, ஆர்க்காடி ஷ்வெத்சோவ் தலைமையில் பெர்ம் நகரில் எம்-25 என்ற பெயரில் உருவாக்கியது. அங்குலக் கணக்கை மில்லிமீட்டருக்கு மாற்றினால் உள்விட்டம் 155.575, வீச்சு 174.625 என வரும். சோவியத் வழியில் அவை 155.5, 174.5 ஆயின. சுவடி பெயர்த்தெழுதியவரின் கை பட்ட இடம் போல, அந்தச் சிறு வேறுபாடு வம்சத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வழியில் வந்த ஏஎஷ்-62, ஆன்-2 என்னும் இரட்டைச் சிறகு விமானத்தைத் தூக்கிச் சென்றது. போலந்திலும் சீனத்திலும் அதே எஞ்சின் வேறு பெயர்களில் பிறந்தது. ஓர் அமெரிக்க மூலம். மூன்று நாடுகளில் மூன்று எழுத்துகளில் பெயர்த்தகடுகள்.

வடித்தவர் வேறு, செய்தவர் வேறாகவும் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கான சைக்ளோன் எஞ்சின்களை ஸ்டுடிபேக்கர் என்னும் மோட்டார் வாகன நிறுவனம் செய்தது. தகட்டில் அப்பெயர் கண்டு போலியென ஒதுக்குவது அறியாமை. மறுபுறம், அளவு ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றே எனக் கொள்வதும் பிழையாகும். ஏஐ-14ஆர், எம்-14பி ஆகிய இரண்டுக்கும் சிலிண்டர்கள் ஒன்பது, உள்விட்டம் 105 மில்லிமீட்டர், வீச்சு 130 மில்லிமீட்டர். ஆயினும் முன்னதன் ஆற்றல் 260 குதிரைத்திறன். பின்னதன் ஆற்றல் 360. அளவு குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

தகட்டைக் கழற்றி வேறோர் உடலில் பொருத்தவும் கூடும். அதனாலேயே அமெரிக்க விதிகள் உரிய அனுமதியின்றி எஞ்சினின் அடையாளத் தகட்டை அகற்றுவதையும் மாற்றுவதையும் தடுக்கின்றன. தகடு, உலோகத்தில் பொறித்த எண், பராமரிப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒத்திசைந்தால்தான் பிறப்புப் பற்றிய கூற்று நிலைபெறும்.

இனிச் சிறப்பு. ‘செப்பனிட்டபின் ஒரு மணி நேரமும் ஓடாதது’ என்ற ஒரு வரி பதிவேட்டில் இருக்கலாம். செப்பனிட்டு நாற்பதாண்டு கிடந்திருந்தால், ஓடாமையே குறையாகும். ஈரம் சிலிண்டர்ச் சுவரைத் துருவாக்கியிருக்கும். சேமிப்பில் வைக்கும்போது தீப்பொறிச் செருகிகளின் இடத்தில் ஈரமுறிஞ்சும் மணிகள் அடங்கிய அடைப்புகளைப் பொருத்துவர். மணிகள் நீலமாயிருந்தால் உள்ளே உலர்வு. இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது.

காற்றழுத்தச் சோதனை இன்னும் நுட்பமானது. சிலிண்டருக்குள் அளவிட்ட அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று மானியில் பார்ப்பர். பின்னர் எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பர். புகைபோக்கியில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்ளிழு வால்வு. எஞ்சின் கூட்டின் மூச்சுக்குழாயில் சீறினால் பிஸ்டன் வளையம். எண்ணெய் வடிகட்டியில் தங்கிய துகள்களும் சான்று பகரும். காந்தத்தில் ஒட்டுவது எஃகு; தாங்கிகளிலிருந்தோ வளையங்களிலிருந்தோ வந்திருக்கலாம். ஒட்டாது மின்னுவது அலுமினியமாயின் பிஸ்டன் தேய்கிறது எனலாம். செம்மஞ்சளாயின் வெண்கலப் புதைகுழல்களை ஐயுற வேண்டும்.

பெயர் பெற்ற ஆலையில் பிறந்து, பேணுவாரின்றிப் பாழான எஞ்சின்கள் உண்டு. அறியாப் பெயருடன் பிறந்து, கைதேர்ந்தவர் பேணியதால் பல்லாண்டு பறந்தவையும் உண்டு. வம்சம் தெரிந்தால் எந்த உதிரிப்பாகம் பொருந்தும், எந்தக் கையேட்டின் அளவு செல்லும் என்பது தெரியும். பறக்கலாமா என்பதை அந்த ஓர் உடலைத் தொட்டும் கேட்டும் அளந்துமே முடிவு செய்ய வேண்டும். மூலபாடத்தைத் தேடி ஒவ்வோர் ஏட்டையும் புரட்டிய பதிப்பாசிரியர்களின் பொறுமை, எண்ணெய் படிந்த கைகளிலும் வாழ்கிறது என்பதை இந்த அவை மகிழ்ந்து ஏற்கும்.