டின்னில் அடைத்த பாம்பும் ஆஸ்பத்திரி மருந்தும்

(தோட்டப் பிரட்டுக்களத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் பணிய லயத்தில் நடந்த விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கொக்கோ மலையில் பிடித்த கண்ணாடி விரியன் ஒன்றைத் தம்பிமார் சிலர் பெயின்ட் டின்னில் போட்டு மூடி இஸ்தோப்பில் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "விஷத்தை எடுத்துக் கொழும்பில கொடுத்தா லட்சக்கணக்கில காசு கிடைக்குமாம் சேர்" என்றார்கள். மூன்றாம் நாள் டின்னைத் திறந்தால் பாம்பு செத்துக் கிடக்கிறது. அந்த மூன்று நாளும் நாலு வயதுப் பிள்ளை ஒன்று பக்கத்தில் குந்தியிருந்து டின்னைத் தட்டித் தட்டி விளையாடியிருக்கிறது. அதை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

அன்றைக்கு நாங்கள் ஏசிவிட்டுத்தான் வந்தோம். ஏசினால் மட்டும் போதாது, விஷயத்தை விளக்கமாகச் சொல்லவும் வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அதனால்தான் இந்தப் பேச்சு.

பாம்பு விஷத்துக்கு விலை உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் அது டின்னில் அடைத்த பாம்பின் விஷத்துக்குக் கிடைக்கிற விலை அல்ல. நம் ஆஸ்பத்திரிகளில் பல்லாண்டு காலமாகப் போட்டுவரும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான விஷத்தின் பெரும் பங்கு எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் கடற்கரை ரோட்டில் வடநெம்மேலி என்ற இடம். அங்கே இருளர் என்னும் பழங்குடி மக்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கிடைக்கிறது.

இருளர்கள் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடும் ஏழைகள். முந்தி தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1970களில் இந்தியாவில் சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றது. அடுப்பில் பூனை தூங்கியது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் துணைநிற்க, 1978இல் இந்தச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமலே பிழைக்கலாம் என்று காட்டினார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அவர்கள் பாம்பை வைத்திருக்கும் விதத்தைக் கேளுங்கள். மண்பானை, அடியில் மணல், வாய்க்குத் துணி கட்டு. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, காற்றும் போய்வரும். எலி வளைக்குள் இருப்பது போலப் பாம்பு சுருண்டு கிடக்கும். மூன்று நாலு வாரம்தான் வைத்திருப்பார்கள். வாரம் ஒரு தடவை கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தாளைக் கடிக்கவிட்டு விஷம் எடுப்பார்கள். நாலு தடவை எடுத்ததும் வயிற்றுச் செதிலில் சின்ன வெட்டு ஒன்று அடையாளம் வைத்துக் காட்டிலே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே திரும்ப அகப்பட்டால், அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம் அல்லவா. இவ்வளவுக்கும் அரசாங்க அனுமதி வேண்டும், எத்தனை பாம்பு என்ற கணக்கும் வேண்டும். சுருட்டை விரியனிடம் ஒரு தடவைக்குச் சில மில்லிகிராம்தான் கிடைக்கும். நம் தம்பிமார் கணக்குப் போட்ட லட்சம் எங்கே போயிற்று பாருங்கள்.

அந்த விஷத்தைக் காயவைத்து, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தால் மருந்து. கடிபட்ட ஓர் ஆளுக்கு 10 குப்பியும் வேண்டிவரும், அதற்கு மேலும் வேண்டிவரும்.

பாம்பு செத்ததற்குக் காரணம் பட்டினி என்று தம்பிமார் நினைக்கிறார்கள். பாம்பு வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அதற்குத் தன் உடம்பில் சொந்தமாகச் சூடு உண்டாக்க முடியாது. வெயில் பட்டால் சூடேறும். அதிகமானால் நிழலுக்கு ஊர்ந்து போகும். தகர டின்னுக்குள் எங்கே போகும்? வெந்துதான் சாகும். ஒளிந்துகொள்ள இடமில்லாத பாம்பு எப்போதும் பயத்திலேயே இருக்கும், சீறிக்கொண்டும் முட்டிக்கொண்டும் இருக்கும். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் விஷமில்லாத பாம்புகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். வெறும் பெட்டி ஒரு பக்கம். ஒளிய இடம், ஏறக் கொப்பு, ஆழமான படுக்கை என்று வசதி செய்த பெட்டி மறுபக்கம். எங்கே வேண்டுமானாலும் போ என்று விட்டபோது பாம்புகள் வசதியான பக்கத்தையே நாடின. பாம்புக்கு என்ன தெரியும் என்கிறோம். லயக் காம்பராவுக்கும் தனி வீட்டுக்கும் வித்தியாசம் அதுக்கும் தெரிகிறது!

இனி நமக்கு முக்கியமான கதைக்கு வருவோம். கொழுந்து எடுக்கும்போதும், இறப்பர் மலையில் சருகு மிதிக்கும்போதும் கடிப்பது யார்? பெரும்பாலும் மூக்கு மேலே வளைந்த அந்தச் சின்ன விரியன். சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். சருகோடு சருகாகக் கிடக்கும். இலங்கையில் ஆளைக் கடிக்கும் விஷப்பாம்புகளில் முதலிடம் இதற்குத்தான். வீக்கம், கொப்புளம் வரும்; சிலருக்குச் சிறுநீரகமும் பழுதாகும். இந்திய மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கு மட்டும் செய்தது. இந்தச் சின்ன விரியனுக்கு அது கேட்காது. நம் நாட்டுக் கண்ணாடி விரியனின் விஷமும் இந்தியப் பாம்பின் விஷமும் அப்படியே ஒன்றல்ல. இங்கே கடிபட்டவருக்கு இமை தொங்கிப்போவதை டொக்டர்மார் அடிக்கடி பார்க்கிறார்கள்.

அதனால் பக்கத்திலிருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நம் நாட்டுப் பாம்புகளை வைத்து விஷம் எடுத்தார்கள். கொஸ்டா ரிக்கா நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, அங்குள்ள குதிரைகளைக் கொண்டு புது மருந்து தயாரித்தார்கள். அதில் இந்தச் சின்ன விரியனும் சேர்ந்திருந்தது. ஆய்வுகூடச் சோதனை முடிவு 2016இல் வெளியானது. அது நல்ல முடிவு. ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து நம் வார்டுக் கட்டிலுக்கு வருகிற ரோட்டு நீளமானது. அதே ஆண்டு வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு, வருடத்துக்கு 80,000 பேருக்கு மேல் கடிபடுகிறார்கள், 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது.

மருந்து கேட்காத பாம்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிறுநீர், இரத்தம் பார்த்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அங்கேதான் நடக்கும். கடித்தது எது என்று உங்களுக்கு நிச்சயமாகவும் தெரியாதே. கடிவாயை வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், ஆளை நடக்கவிடாதீர்கள், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பாம்பைப் பிடித்துக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வேண்டுமா என்று கொழுந்துக்காரத் தாயொருவர் கேட்டார். வேண்டாம் அம்மா. பிடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட வேண்டாம். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். ஏற்கெனவே அடித்துப் போட்டிருந்தால் கம்பால் தள்ளி மூடியுள்ள வாளியில் போட்டுக் கொண்டுபோங்கள். கையால் தூக்காதீர்கள், வெட்டுப்பட்ட தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.