இளவேனிலும் வீட்டு வளவும்

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என வகுத்தனர் நம் முன்னோர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பருவத்தின் வருகையை அறிவதற்குப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. முற்றத்தில் நாட்டிய ஒரு கம்பே போதும். ஏப்ரல் மாதம் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்கோடிக்கு நேர் மேலாக வரும் சூரியன், நாள்தோறும் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்து, 14ஆம் 15ஆம் திகதிகளிற் குடாநாட்டின் உச்சியை அடைகின்றது. அந்நாள்களில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவிற் கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். புத்தாண்டு பிறப்பதும் இதே நாள்களிலேயாம். ஆண்டின் தொடக்கத்தைக் குடாநாட்டு மக்கள் கொண்டாடுகின்ற பொழுது, சூரியன் அவர்களுடைய கூரையின் நேர் மேலே நிற்கின்றான்.

இவ்வெப்பத்துக்கு அஞ்சி மலைநாட்டை நாடுவோர் உளர். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவிற் பூக்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடைபெறும். வசதி படைத்தோர் அங்கே சென்று சில நாள் தங்கி மீள்வர். ஆயினும் குடும்பங்களிற் பெரும்பாலானவை தத்தம் வீட்டிலேயே இப்பருவத்தைக் கழிக்கின்றன. அவர்களுக்கு இளவேனில் வெறும் புழுக்கமும் வியர்வையுந்தானா? அன்று. நிழலின் அருமையையும் நீரின் அருமையையும் அறிந்து வாழும் வீட்டார்க்கு, ஆண்டின் இனிய பருவங்களுள் இதுவும் ஒன்று. அந்த இனிமை எதனால் அமைகின்றது, எதனாற் கெடுகின்றது என்பவற்றை ஆராய்தல் பயனுடையது.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய நாற்சார் வீட்டை அமைத்தவர்கள் வெயிலின் இயல்பை நன்கு கணித்தவர்கள். நடுவே முற்றம், நாற்புறமும் தாழ்ந்து இறங்கும் கூரை, அக்கூரையின் கீழ் விறாந்தை. முற்றத்து வெப்பக்காற்று மேலெழ, வெளிக்காற்று வாயில் வழியே உள்ளே புகும். கூரைக்குப் பனையோலை வேய்ந்தனர். வெயிலை ஓலை தாங்கிக்கொள்ளும், உள்ளே விடாது. தெருவோரத்திற் சங்கடப்படலை இருந்தது. அதன் சிறு கூரையின் கீழ் வழிப்போக்கனும் சற்றே இருந்து இளைப்பாறலாம். அத்தகைய வீடுகள் இன்று அருகிவிட்டன. எனினும் அவ்வீடுகளில் வாழ்ந்தோர் வகுத்த நாளொழுங்கு எவ்வகை வீட்டுக்கும் பொருந்துவதாகும்.

விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டி நீர் தெளித்தல் அவ்வொழுங்கின் தொடக்கம். பாரமான வேலைகள் யாவும் காலை 10 மணிக்குள் முடிந்துவிடும். நண்பகலில் வீடு அமைதி கொள்ளும்; மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ களைப்பைப் போக்கும். வெயில் சாய்ந்ததும் வீட்டு வாழ்வு முழுவதும் முற்றத்துக்கு இடம்பெயரும். வேப்பமரத்தின் கீழ்ப் பாய் விரித்து, பாட்டியார் கதை சொல்ல, பிள்ளைகள் கேட்டிருப்பர். உறவினர் கூடிய மாலைகளில் ஒடியற்கூழ் காய்ச்சிப் பிளாவில் வார்த்துக் குடிப்பதும் உண்டு. இவ்வின்பங்களுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வேண்டுவன ஒரு மரமும், ஒரு முற்றமும், கூடியிருக்கும் மனமுமே.

இனி, வளவைப் பார்ப்போம். இளவேனிலில் யாழ்ப்பாணத்து வளவு ஒரு பண்டசாலையாகும். பங்குனி முதற்கொண்டே வேம்பு பூத்து, விடியற்காலையில் முற்றமெங்கும் பூவுதிர்ந்து கிடக்கும். அதனைத் திரட்டி உலர்த்தி வடகமாக்கி வைத்தால், மாரிகாலத்துச் சோற்றுக்கு அது துணையாகும். மிளகாயை மோரில் ஊறவைத்து வெயிலிற் காயப்போடுவதும் இக்காலத்திலேயே. வீட்டுப் பெண்கள் இந்த வெயிலை வீணே கழியவிடுவதில்லை. மழைநாளுக்கு வேண்டியவற்றைச் செய்து தரும் வேலையாளாக அதனை ஆக்கிக்கொள்கின்றனர்.

பனை தருவனவோ பல. காலையில் இறக்கிய கருப்பநீர் வெயில் ஏறுமுன் பருகத்தக்கது. நடுப்பகலுக்கு நுங்கு உண்டு. சீவிய நுங்கின் கண்ணைப் பெருவிரலால் தோண்டி உண்ணும் பிள்ளை, அதன் கோம்பையை எறிந்துவிடுவதில்லை. இரு கோம்பைகளை ஒரு தடியிற் பொருத்தினால் அவனுக்கு வண்டி. விளையாடி ஓய்ந்தபின் அதனையே நறுக்கி இட்டால் மாட்டுக்குத் தீனி. மாமரங்களோ வைகாசி நெருங்க நெருங்கத் தாழ்ந்து வளையும். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுவை உண்டு. தம் வளவு மாம்பழமே சிறந்ததென ஒவ்வொரு வீட்டாரும் வாதாடுவர். அவ்வாதத்தைத் தீர்ப்பதற்காகப் பழங்கள் வேலியைக் கடந்து அயலவர் வீட்டுக்குச் செல்லும், அங்கிருந்தும் வரும்.

கிணற்றடியைக் கவனித்தல் வேண்டும். குளித்த நீர் வாழைக்குச் செல்லும். பாத்திரம் கழுவிய நீர் கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் செல்லும். கிணற்றில் அள்ளிய ஒரு வாளி நீர், நிலத்தை மீண்டும் சேருமுன் இருமுறை பயன்படுகின்றது. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் சிறிது நீரிலேயே பூத்துக் காலைப் பூசைக்கு உதவும். இவ்வாறு வளவை ஆள்பவர்க்குக் கோடையிலும் பசுமைக்குக் குறைவில்லை.

புத்தாண்டு நாள் இவ்வின்பங்களுக்கு முடி சூட்டுவது போன்றது. மருத்துநீர் தேய்த்து முழுகிப் புத்தாடை அணிந்து, பெரியோர் கையாற் கைவிசேஷம் பெற்றபின், ஊர் வெளியே திரளும். போர்த்தேங்காய் அடிக்கும் இடத்தில் முதியவரும் இளைஞராவர். மாட்டுவண்டிச் சவாரிக்குத் தரவைகளில் மக்கள் கூடுவர். திருவிழா நடைபெறும் கோயில் வீதிகளிலே தண்ணீர்ப் பந்தல்கள் எழும். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வருவோர் யாவருக்கும் வழங்கப்படும். தாகத்தோடு வந்தவனை ஊர் யாதென்று வினவுவது பந்தலின் வழக்கமன்று.

வீட்டிலிருந்து வெளியே சென்றுவர விரும்புவோர்க்கு நெடும்பயணம் எதுவும் தேவையில்லை. காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க இடங்கள் குடாநாட்டிற் பல. பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று, மரநிழலிற் பொங்கிப் படைத்து உண்டு வருவது பழைய வழக்கம். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் சென்றால், சவுக்கமரங்கள் சூழ்ந்த கசூரினாக் கடற்கரை இருக்கின்றது. அங்கே நெடுந்தூரம் வரை கடல் ஆழமற்றது. பிள்ளைகளோடு நீராடுவோர் பெரிதும் விரும்புமிடம் அது. வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டின் மணற்குன்றுகளும், மணலிற் புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் சிதைவும் மாலைப்பொழுதிற் காணத்தக்கவை.

இவை யாவற்றினும் இப்பருவத்துக்கு மிகப் பொருந்துவன இரு நீர்நிலைகள். ஒன்று கீரிமலைக் கேணி. கடலலை வந்து மோதும் கரையிலேயே, சில அடி தூரத்தில், உப்பற்ற நன்னீர் ஊறிக்கொண்டிருக்கின்றது. கீரிமுகங் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகங் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் இத்தீர்த்தத்தில் ஆடித் தம் குறை நீங்கினர் என்பது ஐதிகம். மற்றையது புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணறு. அதன் மேற்பகுதியில் நன்னீர் இருக்கின்றது. ஆழத்திற் செல்லச் செல்ல உப்புநீர் இருக்கின்றது. இவ்விரண்டையும் பார்த்து வியந்து திரும்புவோர், அவை உணர்த்தும் செய்தியையும் உடன்கொண்டு திரும்புதல் நன்று. ஏனெனில், வீட்டுக் கிணற்றின் கதையும் அதுவேயாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மழை பெய்யும் காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை தரும் நீரே ஆண்டுக்கான முதல். அந்நீர் மண்ணின் வழியே இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. மூன்று புறமும் கடலாதலால், அப்பாறையின் கீழே உப்புநீரும் புகுந்திருக்கின்றது. நன்னீர் உப்புநீரினும் பாரம் குறைந்தது. ஆதலின் அது மேலே மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபுறத்தையும் எண்ணல் வேண்டும். அளவுக்கு மீறி இறைப்பதனால் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. ஒருமுறை உவர்த்துப்போன கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த நாளில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. தோள் ஓய்ந்தபோது இறைப்பும் ஓய்ந்தது. இரவில் ஊற்று மீண்டும் சுரந்தது. மின்சாரப் பம்பிக்கு ஓய்ச்சல் இல்லை. ஆதலால் அந்தக் காவலை மனிதனே தன் அறிவினாற் செய்தல் வேண்டியதாயிற்று. தோட்டங்களில் மிகையாக இடும் செயற்கை உரமும் இதே நீரைச் சென்று சேர்கின்றது. முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசிவிட்டால், மாரி மழை உள்ளிறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடிவிடுகின்றது. பூவரசும் கிளுவையும் நின்ற வேலியைத் தறித்து மதில் எழுப்பியவர் வளவுக்குக் காவல் தேடினார். அதே வேளையில் நிழலையும், ஆட்டுக்குக் குழையையும், பச்சைப் பசளையையும் இழந்தார்.

வளவின் அருமையை இழப்பினால் அறிந்தோரும் இம்மண்ணிற் பலர். போர்க்காலத்தில் வீடுவாசல்களை விட்டு நீங்கிய குடும்பங்கள், 2009இற் போர் முடிவுற்றபின், சில ஆண்டுகளிலும் பல ஆண்டுகளிலுமாகத் தத்தம் காணிகளுக்கு மீண்டன. சுவர் இடிந்திருந்தது, கூரை இல்லை, பற்றை வளர்ந்திருந்தது. அந்நிலையிற் பலர் வீட்டைக் கட்டுமுன் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினர். தூர்ந்த கிணற்றில் மீண்டும் ஊற்றுக் கண்ட நாளே, அவர்களுக்கு வீடு திரும்பிய நாளாயிற்று. அத்தகைய கிணற்றை உவர்நீராக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தல் எவ்வாற்றானும் தகாது.

இதற்கு வேண்டிய முயற்சி பெரிதன்று. செடிகளுக்கு நண்பகலில் நீர் ஊற்றாது காலையிலோ மாலையிலோ ஊற்றுதல்; உதிர்ந்த சருகை எரிக்காது மரத்தடியிற் பரப்பி ஈரத்தைக் காத்தல்; முற்றத்தின் ஒரு பகுதியையேனும் மண்ணாக விட்டுவைத்தல்; மாரிக்கு முன்னரே கூரைநீர் இறங்குவதற்கு வளவில் ஒரு குழி அமைத்தல்; முதல் மழையோடு ஒரு வேம்போ மாவோ நாட்டுதல் ஆகிய இவையே போதும். இவற்றைச் சிறுவரிடம் ஒப்படைத்தால் அவர்கள் விளையாட்டாகவே செய்து முடிப்பர். கிணற்றின் உட்கட்டில் ஒரு கோடு இட்டு, நீர்மட்டம் கிழமைதோறும் எவ்வளவு தாழ்கின்றது என்பதைப் பெரியவர்கள் துணைநிற்கப் பிள்ளைகள் குறித்து வரலாம். சித்திரையில் அவ்வாறு குறிக்கப் பழகிய பிள்ளை, கார்த்திகையில் மழை பெய்யும்போது அது எங்கே செல்கின்றது என்பதை அறிந்திருக்கும்.

வைகாசி முதிரச் சோளகக் காற்று எழும். அது மழையைக் கொணராது. புழுதியையும் வறட்சியையுமே கொணரும். ஆனியும் ஆடியும் ஆவணியும் அதன் பின்னர்க் கடக்கப்பட வேண்டியவை. இளவேனிலில் அளவறிந்து அள்ளிய வீட்டின் கிணறு அம்மாதங்களிலும் குளிர்ந்த நீர் தரும். அவ்வீட்டு வேம்பின் கீழ் அயலவரும் வந்து இருப்பர். மாம்பழத்தையும் நுங்கையும் மகிழ்ந்து உண்ணும் இக்காலத்திலேயே, அவற்றைத் தந்த நிழலுக்கும் நீருக்கும் உரிய கடனைச் செலுத்திவிடுதல் நல்ல வீட்டாரின் வழக்கமாகும்.