மாநில எல்லையும் மாணாக்கர் கட்டணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உயர்கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பாகும். ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கெனப் பல்கலைக்கழகங்களை நிறுவி, தங்குடிகள் இறுக்கும் வரிப்பணத்தைக் கொண்டு அவற்றைப் பேணி வருகின்றன. இதனால் விளைந்த விந்தையொன்றை நேயர்கள் கருதிப் பார்க்கலாம். ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியரின் விரிவுரையைச் செவிமடுக்கும் மாணாக்கர் இருவருள், அம்மாநிலத்தில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒரு தொகையும், எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட தொகையும் செலுத்துகின்றனர். 2024-25 ஆம் கல்வியாண்டில் நான்காண்டுக் கல்வி அளிக்கும் பொதுப் பல்கலைக்கழகங்கள் அறிவித்த கட்டணம், உள்மாநிலத்தவருக்குச் சராசரி 11,610 டொலர். வெளிமாநிலத்தவருக்கோ 30,780 டொலர். மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற புகழ்பெற்ற நிலையங்களில் இவ்வேறுபாடு மும்மடங்கையும் கடந்துவிடும். உணவு, உறையுள், நூல்கள் ஆகியவற்றின் செலவு இவற்றுக்குப் புறம்பானது.

பல்கலைக்கழகம் வரையில் இலவசக் கல்வியை 1945 முதல் கண்டுவரும் இலங்கையர்க்கு இக்கணக்குத் திகைப்பைத் தரும். எனினும் இதற்கொரு நியாயம் இல்லாமலில்லை. 1862 இல் ஆபிரகாம் லிங்கன் கைச்சாத்திட்ட மொறில் சட்டம், கொங்கிரசில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் வழங்கி, உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ வழிசெய்தது. உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் தம் ஊருக்கு அண்மையில் உயர்கல்வி பெறல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆண்டுதோறும் வரி இறுத்துவந்த தந்தையின் பிள்ளைக்குச் சலுகையும், வரியே இறுக்காத அயலவரின் பிள்ளைக்கு முழுக் கட்டணமும் விதிப்பது முறைதானே என்று மாநிலத்தார் வாதிப்பர்.

ஆனால், உள்ளூரவர் யார், அயலவர் யார் என்று துணிவது எளிதன்று. கலிபோர்னியாவில் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், கனெற்றிக்கட் மாநிலத்தவர் ஒருவரை மணந்து அங்கே குடியேறினார். வாகன அனுமதிப் பத்திரம் அம்மாநிலத்தது. வாக்காளர் பதிவும் அங்கேயே. எனினும், விண்ணப்பித்த வேளையில் அவர் முகவரி வேறிடமாயிருந்தது என்ற ஒரே காரணத்தால், படிப்பு முடியும்வரை அவர் அயலவரே என அந்நாளைய மாநிலச் சட்டம் விதித்தது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தம் வதிவிடத்தை நிறுவுதற்கு மாணாக்கருக்கு வாய்ப்பே அளியாத சட்டம் செல்லாது என 1973 இல் தீர்ப்பாயிற்று. ஆயினும், உண்மையான வெளியாரிடம் கூடிய கட்டணம் பெறும் உரிமையை மன்றம் மறுக்கவில்லை. இன்று பெரும்பாலான மாநிலங்கள் பன்னிரண்டு மாத வதிவைக் கேட்கின்றன. அதுவும் கல்விக்காக மட்டும் வந்து தங்கியதாயின் போதாது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணாக்கருக்குப் பெற்றோரின் வதிவிடமே அளவுகோல். மாணவர் விசாவில் இலங்கையிலிருந்து செல்வோரும் பொதுவாக வெளியார் கட்டணமே செலுத்த வேண்டியவராவர்.

2008 இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இவ்விடயம் புதுவடிவு பெற்றது. மாநில அரசுகள் மானியத்தைக் குறைத்தன. பல்கலைக்கழகங்களோ வரவுக்கு வழிதேடி எல்லைக்கு அப்பால் நோக்கின. வெளிமாநிலத்தார் கூடிய கட்டணம் தருவர். அவருட் சிறந்த பெறுபேறு உடையோர் வந்தால் கழகத்தின் பெயரும் ஓங்கும். ஆகவே கட்டணத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியைத் திறமைப் புலமைப்பரிசில் என்ற பெயரால் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. அலபாமா பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்று. உயர்ந்த புள்ளி பெற்ற வெளியார்க்குத் தாராளமாகப் பரிசில் வழங்கி, மாணாக்கரிற் பாதிக்கு மேற்பட்டோர் பிற மாநிலத்தவராகும் நிலையை அது எய்தியது.

பரிசில் என்னும் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் உள்ளம் குளிர்வது இயல்பு. கணக்கை எழுதிப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய சராசரியின்படி 30,780 டொலர் கேட்கும் கழகம் 15,000 டொலரைப் பரிசிலாகத் தருவதாகக் கொள்வோம். எஞ்சுவது 15,780 டொலர். மாணாக்கர் தம் மாநிலத்திலேயே, பரிசில் ஏதுமின்றிக் கற்றிருந்தால் ஆவது 11,610 டொலர். பரிசில் பெற்ற பின்னரும் ஆண்டுக்கு 4,170 டொலர் கூடுதல்! அன்றியும், இத்தகைய பரிசில்கள் பல, நான்கு புள்ளிக்கு மூன்றேனும் சராசரியாகப் பெற்றாலன்றித் தொடரா. கடினமான பொறியியற் பாடமொன்றில் முதலாண்டிலே சறுக்கிய பிள்ளை, இரண்டாம் ஆண்டில் வெளியார் கட்டணத்தை முழுவதும் இறுக்க நேரும். அல்லது கடன் பெற நேரும். அல்லது வீடு திரும்ப நேரும்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று. பள்ளியிற் பெறும் உயர்புள்ளி, தனிவகுப்புக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் பொருள் செலவிட வல்ல குடும்பங்களின் பிள்ளைகளையே பெரிதும் நாடிச் செல்கின்றது. ஆதலால் தகுதி நோக்கி வழங்கும் பணம், பரிசில் இன்றியும் கற்கக்கூடியவர் கையை அடைந்துவிடுகின்றது. வறிய பிள்ளைக்கு உதவியிருக்கக்கூடிய பணம் அது. உள்மாநிலத்தவர் பரிசில்களும் இக்குறைக்கு விலக்கல்ல. ஜோர்ஜியா மாநிலம் 1993 இல் ஆளுநர் செல் மில்லர் காலத்தில் தொடங்கிய ‘ஹோப்’ பரிசிலுக்கு லொத்தர்ப் பணமே ஆதாரம். சீட்டு வாங்குவோரில் ஏழைகள் மிகுதி. பயன்பெறுவோரில் வசதியுடையோர் மிகுதி என்று ஆராய்ச்சியாளர் பலர் குறை கூறினர். லொத்தர் நடக்கும் எந்நாட்டார்க்கும் இது புதிராகாது.

உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகின்றதே என்ற முறைப்பாடும் எழுந்தது. 2016 இல் கலிபோர்னிய மாநிலக் கணக்காய்வாளர், அம்மாநிலப் பல்கலைக்கழகம் வெளியாரைச் சேர்த்ததால் உள்மாநிலத்தார் பாதிப்புற்றனர் என அறிக்கையிட்டார். மறு ஆண்டில் வெளியார் தொகைக்கு நூற்றுக்கு 18 என எல்லை வகுக்கப்பட்டது. அதனை ஏற்கெனவே கடந்திருந்த பேர்க்கிலி முதலிய நான்கு வளாகங்களுக்கு அப்போதிருந்த அளவே எல்லையாயிற்று.

இடைவழியும் உண்டு. மேற்கு மாநிலங்கள் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அதிற் சேர்ந்த கல்லூரிகள், தெரிந்தெடுத்த அயன்மாநில மாணாக்கரிடம் உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேற் பெறுவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தில், போட்டியில் வென்ற புலமைப்பரிசில் ஆண்டுக்கு 1,000 டொலரேனும் உடையதாயின், வெளியாரும் குறித்த வரம்புக்குள் உள்ளூர்க் கட்டணத்துக்கு உரியராகலாம். பரிசிற் பணம் சிறிது. அது திறக்கும் கதவு பெரிது. இத்தகைய ஏற்பாடுகளைப் பல குடும்பங்கள் அறியாதிருப்பது இரங்கத்தக்கது.

பல கழகங்களில் அனுமதிக் கடிதங்கள் கிடைத்தபின், மே மாதம் முதலாந் திகதிக்குள் மாணாக்கர் விடையிறுப்பது நெடுங்கால வழக்கம். அந்தச் சில வாரங்களில் கழகத்தாரிடம் கேட்டு, எழுத்திற் பெற வேண்டியவை சில உள. பரிசில் நான்காண்டுக்கும் உரியதா. ஆண்டுதோறும் கட்டணம் உயருங்கால் பரிசிலும் உயருமா. புள்ளி குறைந்தால் மீட்டுக்கொள்ள ஒரு தவணையேனும் அவகாசம் உண்டா. படிப்பு ஐந்தாம் ஆண்டுக்கு நீண்டால் அவ்வாண்டுக்குரிய பணத்தை யார் இறுப்பது?