எண்ணெய் அப்பிய சிறகும் எண்ணெய் அள்ளிய கையும்

(அடையாற்றுக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் கடற்பறவைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "கூலியைப் பற்றிப் பேசுங்கள், அரிசி விலையைப் பற்றிப் பேசுங்கள், பறவைக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

2017 ஜனவரி 28-ந் தேதி அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் கடலுக்குச் சேதமில்லை என்றுதான் துறைமுக நிர்வாகம் முதலில் அறிக்கை விட்டது. கடல் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை! சில நாட்களில் கரிய எண்ணெய் மெரினாவுக்கு வந்தது, பெசன்ட் நகருக்கு வந்தது, நீலாங்கரைக்கும் போயிற்று. அள்ளியெடுத்த கசடு மட்டும் நூறு டன்னுக்கு மேல். கடலாமைகள் செத்துக் கரை ஒதுங்கின. எண்ணூரில் கொட்டினால் அடையாற்றுக்கு என்ன என்று இனி யாரும் கேட்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு வெள்ளமாக எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் பாய்ந்தது. மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆலையிலிருந்து வந்த எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அலகுக்கடியில் பை தொங்கும் கூழைக்கடாக்கள் வெள்ளைச் சிறகெல்லாம் கரியாகி நின்றதை ஊரே பார்த்தது.

எண்ணெய் பறவையை எப்படிக் கொல்கிறது? பறவையின் இறகுகள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை உள்ளே விடாமல் காக்கின்றன. எண்ணெய் பட்டால் இறகு திரிதிரியாக ஒட்டிக்கொள்கிறது. ஓடு பிரிந்த கூரையாகிறது உடம்பு. தண்ணீர் உள்ளே புகுகிறது. பறவை குளிரில் நடுங்குகிறது. மிதக்க முடியாமல் தவிக்கிறது. அழுக்கைப் போக்க அலகால் இறகைக் கோதுகிறது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. குடலும் சிறுநீரகமும் கெடுகின்றன. தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முயற்சியே அதற்கு எமனாகிறது!

அந்த எண்ணெயை அள்ளியது யார்? எண்ணூர் மீனவர்கள், வாளியாலும் மக்காலும் அள்ளினார்கள். பலர் கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். பஞ்சாலைத் தோழர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். பஞ்சுத் தூசு நெஞ்சில் படிவது அன்றைக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து இருமலாகத் தெரியும். எண்ணெய் ஆவியும் அப்படித்தான். பறவையின் சிறகில் அப்பியதும் உழைப்பாளியின் கையில் அப்பியதும் ஒரே எண்ணெய். கொட்டியவர் ஒருவர், அள்ளியவர் வேறொருவர்.

நிவாரணம் வந்ததா? வந்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500 என்றும், 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000 என்றும் தமிழக சர்க்கார் அறிவித்தது. மற்றும் 6,700 குடும்பங்களுக்கு ரூ.7,500. கழிமுகத்தில் மீனும் இறாலும் அற்றுப்போனால் இந்தப் பணம் எத்தனை நாள் அடுப்பெரிக்கும்? மீன் இல்லாத இடத்தில் பறவைக்கும் இரையில்லை, மீனவனுக்கும் சோறில்லை.

பறவையின் அருமையை உழுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஜனங்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமென்று கண்டவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவைக்காகப் பேசுவது பங்களாவாசிகளின் பொழுதுபோக்கு அல்ல. அது நம் பாட்டன் செய்த வேலை.

காப்பாற்ற முடியுமா? முடியும். 2000-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் 'டிரெஷர்' என்ற கப்பல் மூழ்கியது. எண்ணெய் அப்பிய சுமார் 19,000 பெங்குவின் பறவைகளை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்து கழுவினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. பயிற்சி பெற்றவர்களும் இடமும் கருவிகளும் இருந்ததால் அது நடந்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? எண்ணெய் அப்பிய பறவையைக் கண்டால் திரும்பக் கடலில் விடாதீர்கள். உடனே கழுவவும் வேண்டாம். தளர்ந்த பறவை அந்த அதிர்ச்சியிலேயே சாகும். கையுறை போட்டு, துணியால் மூடி, அலகு கண்ணில் படாமல் பிடித்து, காற்றோட்டமுள்ள பெட்டியில் வெதுவெதுப்பாக வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடம்பு தேறிய பிறகு, பழகியவர்கள் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுவார்கள்.

நமது கோரிக்கைகள் நான்கு. எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலி துறைமுகத்திலும் ஆலையிலும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் அள்ளுகிறவருக்குக் கையுறை, முகமூடி, கூலி, மருத்துவப் பரிசோதனை நான்கும் வேண்டும். பறவைகளுக்கு மீட்பு நிலையம் முன்கூட்டியே அமைய வேண்டும். கொட்டியவரே செலவைக் கட்ட வேண்டும்.

தோழர்களே, கூழைக்கடாவுக்கு மனு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும். அதற்கும் சேர்த்து நாம் எழுதுவோம். நமக்கும் சேர்த்தே எழுதுவோம்!