ஊர் மாறிய வண்டியும் அதன் எண்பலகையும்



தில்லித் தெருவில் முன்னே செல்லும் ஸ்கூட்டரின் பின்புறத்தில் ‘டி.என். 72’ என்று கண்டால் போதும், நம் மனம் திருநெல்வேலிக்குப் போய்விடுகிறது. சிக்னலில் அருகே நிறுத்தி, “நம்ம ஊரா?” என்று கேட்டு நட்புக் கொண்டவர்கள் பலர், நாமும் அவ்வாறு கேட்டதுண்டு. ஆகவே அப்பலகையை மாற்ற எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. கேட்டால், பதிவுச் சான்றிதழ் பதினைந்து ஆண்டு செல்லுமே என்று விடையும் தயாராக இருக்கும்.

அந்த விடையில் பாதி உண்மை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டு செல்லும். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். ஆயினும் அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவு வேறொரு காலக்கெடுவைக் கூறுகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், அங்குள்ள பதிவு அதிகாரியிடம் புதிய பதிவுக்குறி கேட்டு உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அந்த வாக்கியத்தின் எழுவாய் கண்ணில் படாமற் போகாது. கணக்கு வண்டிக்கே அன்றி மனிதனுக்கு அன்று. இருபது ஆண்டு தில்லியில் வாழ்பவரின் வண்டி ஊரிலேயே நின்றால் இப்பிரிவு அவரைத் தொடாது. வண்டி ரயிலில் வந்து இறங்கினால் அன்றே கணக்குத் தொடங்கிவிடுகிறது. நாமோ பார்சல் ரசீதை வந்த வாரத்திலேயே எறிந்துவிட்டோம். எட்டாம் மாதத்தில் ஒரு காவலர் நிறுத்தி, “வந்து எத்தனை நாள்?” என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல வாய் இருந்தது, காட்டச் சீட்டு இல்லை. அரைநாள் விடுப்பு அதற்கே போயிற்று.

வரியின் கதை வேறு. வாகனங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது. கர்நாடகம் 2014-இல், வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள்கால வரி என்று சட்டத்தைத் திருத்தியது. 2016-இல் அம்மாநில உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. எனவே, குடியேறும் மாநிலத்தின் வரிவிதியைத் தனியே விசாரித்துக்கொள்வது நலம்.

மாற்ற முடிவு செய்தால், முதலில் பழைய ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும். வரிபாக்கி இருக்கலாகாது, திருட்டு வழக்கில் வண்டி சிக்கவில்லை என்பதும் தெரியவேண்டும், கடனில் வாங்கிய வண்டியாயின் கடன் கொடுத்தவரின் இசைவும் தேவை. 30 நாளுக்குள் அதிகாரி விடை தராவிடில் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்று 48-ஆவது பிரிவு சொல்கிறது. இதை அறிந்தவர் சிலரே. பின்னர் புதிய மாநிலத்தில் வரி கட்டி எண் பெற்று, பழைய மாநிலத்தில் மிகுந்துள்ள வரியைத் திருப்பிக் கேட்கவேண்டும். இடையில் இரண்டு வரிகளையும் சுமப்பது மாதச் சம்பளக்காரருக்கு எளிதன்று.

அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்கென்று 2021-இல் ‘பி.எச்.’ எனும் பாரத் வரிசை வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ யூனியன் பிரதேசங்களிலோ அலுவலகம் உடைய தனியார் நிறுவனங்களின் ஊழியர்களும் இதைப் பெறலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். 14 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் செலுத்தவேண்டும்.

நம் ஸ்கூட்டருக்கு இப்பொழுது ‘டி.எல்.’ எண். காப்பீட்டுப் பத்திரத்திலும் மறவாமல் புதிய எண்ணை எழுதச் செய்தோம். சிக்னலில் ஊர் கேட்பார் இல்லை. நாம்தான் பிறரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.