ஆறாம் வகுப்பு விற்பனைக்கன்று
(ஹைதராபாத், மல்லாபூர்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மல்லாபூரிலும் நாச்சாரத்திலும் ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைத்துக்கொண்டே, பெற்ற பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிற என் தமிழ்ச் சகோதரர்களே!

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற இந்தச் சமயத்தில் நம் பேட்டையின் சுவர்களையும் மின்கம்பங்களையும் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி. பவுண்டேஷன் என்கிறார்கள், ஒலிம்பியாட் பள்ளி என்கிறார்கள், டெக்னோ, கான்செப்ட், ரோபாட்டிக்ஸ் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனிக் கட்டணம் வைக்கிறார்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்தாவது அதைக் கட்டிவிட வேண்டும் என்று துடிக்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வேண்டிய வசதிகளும் விசேஷப் பயிற்சிகளும் கடையில் வாங்கும் சரக்கல்ல என்பதையும், இந்நாட்டுச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதிக் கொடுத்த அந்த உரிமையைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டு, அதன் போலிக்காக நாம் கடன்படுகிறோம் என்பதையும் இந்த மேடையில் நின்று உரக்கச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

2009-இல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது அது. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஒருவர், சமூகப் பாடத்துக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று பிரித்தே சொல்கிறது. நூறு குழந்தைகளுக்கு மேல் சேர்ந்த பள்ளியில் முழுநேரத் தலைமையாசிரியரோடு, கலைக்கும் உடற்பயிற்சிக்கும் கைவேலைக் கல்விக்கும் பகுதிநேரப் போதகர்கள் வேண்டும் என்கிறது. பத்திரிகைகளும் புத்தகங்களும் உள்ள நூலகம், விளையாட்டு மைதானம், சுத்தமான குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நடக்க இயலாத குழந்தையும் தடையின்றி நுழையும் வாசல் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1,000 மணி நேரப் போதனை என்ற கணக்கும் உண்டு. இவ்வளவு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதினோரு வயதுக் குழந்தையை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மீண்டும் பெஞ்சில் உட்காரவைக்கிற நிர்வாகம், பகலில் என்ன செய்தது என்று நாம் கேட்க வேண்டாமா? இந்த அட்டவணை சர்க்கார் பள்ளிக்கு மட்டுமன்று, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். முன்பே இருந்த பள்ளிகளுக்கு மூன்று வருஷ அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசமும் 2013-லேயே தீர்ந்துபோயிற்று. மைதானமே இல்லாமல் ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கேட்கும் பள்ளி, எத்தனை பளிங்குக்கல் பதித்திருந்தாலும், சட்டத்தை மீறிய பள்ளிதான்.

இனி, நாம் குடியிருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலேயே இவ்வளவு விஞ்ஞான ஸ்தாபனங்கள் சூழ்ந்த தொழிலாளர் பேட்டை வேறு எத்தனை இருக்கும்? அணு உலைகளுக்கு எரிபொருள் தயாரிக்கும் ஸ்தாபனம் இங்கே இருக்கிறது. நம் தேர்தல்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் செய்து தரும் ஈ.சி.ஐ.எல். இருக்கிறது, உப்பல் சாலையில் பூகம்பத்தை ஆராயும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகமும், உயிரணுக்களை ஆராயும் சி.சி.எம்.பி.யும் இருக்கின்றன. தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, 1918-இல் நம் குன்னூரில் சிறு ஆராய்ச்சிப் பிரிவாகப் பிறந்து, 1958-இல் இந்நகருக்கு வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அதைத் தலைமையேற்று நடத்தினார். இத்தனைக்கும் நடுவில் வாழும் நம் குழந்தை, வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் ஒருமுறையேனும் பார்க்காமல் எட்டாம் வகுப்பைத் தாண்டுமானால், அதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? ஆராய்ச்சிக்கூடங்களைப் பள்ளிகளோடு இணைக்க 2017-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜிக்யாசா திட்டம், கேந்திரிய வித்யாலயங்களோடுதான் முதலில் கைகோத்தது. அந்தக் கதவு பேட்டைப் பள்ளிகளுக்கும் அகலத் திறக்க வேண்டும் என்று கோருவோம்.

விலையுயர்ந்த உபகரணம் வந்தால்தான் விஞ்ஞானம் வரும் என்று நம்மை ஏமாற்ற விடாதீர்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் ஜில்லாவில், கிஷோர் பாரதி, ரசூலியா நட்புக் கிராம மையம் என்னும் இரு ஸ்தாபனங்கள் சேர்ந்து, 16 நடுநிலைப் பள்ளிகளில், கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தே விஞ்ஞானம் கற்பிக்கும் முறையை ஆரம்பித்தன. பெரிய சர்வகலாசாலைகளின் விஞ்ஞானிகள் வந்து சாதாரண வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் வகுத்தார்கள். குழந்தைகள் பூவைப் பிரித்துப் பார்த்தார்கள், விதையை முளைக்க வைத்தார்கள், கண்டதைத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தை எடுத்துப் போகலாம், ஏனென்றால் மனப்பாடம் அங்கே மதிக்கப்படவில்லை. 1978-இல் ஜில்லாவின் நடுநிலைப் பள்ளிகள் முழுவதற்கும் அது பரவிற்று. முப்பது வருஷம் வாழ்ந்த அந்தத் திட்டத்தை 2002-இல் அந்த ராஜ்ய சர்க்காரே மூடிவிட்டது. நல்ல பயிற்சி திடீரென மறைந்தால் தடுத்துக் கேட்கப் பெற்றோர் ஒன்றுதிரண்டு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் துக்கமான கதையையும் சொல்கிறேன்.

கைவேலைக் கல்வி என்றதும் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானதே. 1953-இல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் கொண்டுவந்த திட்டம், அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் குடும்பத் தொழில் என்று வகுத்தபோது, குலக்கல்வி என்று ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் காமராஜ் வந்து அதைக் கைவிட்டார். லேத்துப் பட்டறைத் தொழிலாளியின் மகனை லேத்துக்கே அனுப்பும் கல்வியை நானும் எதிர்ப்பேன். நான் கேட்பது வேறு. டாக்டரின் மகளும் திருப்புளி பிடிக்கட்டும், தொழிலாளியின் மகளும் நுண்ணோக்கி பிடிக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் நுழைந்து தாமே செய்து பார்க்கக்கூடிய அடல் டிங்கரிங் கூடங்களுக்கு மத்திய சர்க்காரே 2016 முதல் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறதே, நம் பள்ளி விண்ணப்பித்ததா?

2022-இல் தெலங்கானா ராஜ்ய சர்க்கார் ‘மன ஊரு, மன பஸ்தி – மன படி’ (நம் ஊர், நம் பேட்டை – நம் பள்ளி) என்று பள்ளிகளைச் சீரமைக்கப் புறப்பட்டு, கழிப்பறை, மின்சாரம், குடிநீர், மேஜை நாற்காலி, சுற்றுச்சுவர், சமையற்கூடம் என்று 12 அம்சங்களைப் பட்டியலிட்டது. வரவேற்கிறேன்! ஆனால் சுவருக்குள்ளே கணித வாத்தியார் இல்லையென்றால் சுண்ணாம்பு என்ன கற்றுக்கொடுக்கும்?

இந்நகரில் நாம் வந்தேறிகள், நாம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். செகந்தராபாத்தில் 1862-இல் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியவர் சோமசுந்தர முதலியார். மஹபூப் காலேஜ் என்று வளர்ந்த அதே ஸ்தாபனத்தில்தான் 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசினார்.

சர்க்கார் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டமே சொல்கிறது. ஆகவே தாய்மார்கள் முன்வாருங்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் யார், கலை, உடற்பயிற்சி, கைவேலைப் போதகர்கள் நியமிக்கப்பட்டார்களா, நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது. பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், கட்டணம் கட்டுமுன் மைதானத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதில் வராத கேள்விகளைத் தொகுத்து, மண்டலக் கல்வி அதிகாரிக்கு நாம் அனைவரும் ஒரே மனுவாகக் கொடுப்போம். மனுத் தாள் இந்த மேடைக்கு வலப்பக்க மேஜையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.